எடை மெஷினில் மூன்றாவது கால்

திங்கட்கிழமை, காலை

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதிக்கொண்டது.

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் சௌக்கியமா என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை. ஆனால் நாங்கள் சௌக்கியமா இல்லையா என்பதுதான் இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் வழக்காக இருப்பதால், அந்த ஒரு வரியை மட்டும் தீர்ப்பு வரும்வரை நிறுத்தி வைத்திருக்கிறேன். மற்ற விசாரிப்புகளை எல்லாம் முறைப்படி விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும். உங்கள் முதுகுவலி தேவலையா? இல்லாவிட்டாலும் என் மகளிடம் சொல்லிவிடாதீர்கள், அதற்கும் ஒரு மெஷின் வாங்கிவிடுவாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் போனை அடித்தால் என் மகள் எடுக்கிறாள், அவள் போனை அடித்தாலும் அவள்தான் எடுக்கிறாள், எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் தனியாகப் பேசிக்கொள்ள அந்த வீட்டில் வழியே இல்லை. அதனால் இதை உங்கள் கம்பெனி பஸ்ஸிலேயே, நாளைக் காலை ஒன்பது மணி வண்டியின் டிரைவர் கையில் கொடுத்து, நேராக உங்கள் ஆபீஸ் மேஜைக்கு அனுப்புகிறேன். பஸ் எப்போது கிளம்பவேண்டும், எப்போது சேரவேண்டும் என்று அட்டவணை போடுகிறவரே நீங்கள்தான். அந்த அட்டவணைப்படி வண்டி ஓடினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இது உங்கள் கையில் இருக்கும், ஓடாவிட்டால் யாரைத் திட்டுவது என்று உங்களுக்கே தெரியும்.

விஷயம் இதுதான். வருகிற சனிக்கிழமை நீங்கள் இருவரும் காரை எடுத்துக்கொண்டு வந்து எங்களை அள்ளிப்போட்டுக்கொண்டு போகப்போவதாக என் மகள் நேற்று அறிவித்துவிட்டாள். அதை நீங்கள் எப்படியாவது நிறுத்தவேண்டும். அவளிடம் என் பக்கம் நின்று பேச இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். நீங்களும் அவளிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை, இருந்தாலும் இந்த ஒரு முறை முயற்சி செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் அவளிடம் பேசுவதற்கு ஆதாரம் வேண்டுமே என்பதற்காக, நடந்ததை ஆரம்பத்திலிருந்து ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் முப்பத்திநாலு வருஷம் எடைமேடையில் உட்கார்ந்தவன். லாரி காலியாக ஏறும், ஒரு எடை போடுவேன், சரக்கோடு ஏறும், ஒரு எடை போடுவேன், கழித்தால் சரக்கு. இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. டயர் எவ்வளவு அமுங்குகிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்தே எத்தனை டன் என்று சொல்லிவிடுவேன், டிரைவர்கள் எனக்கு ‘தராசு முள்ளு’ என்று பேர் வைத்திருந்தார்கள். கல்யாணமான மறு வாரம் உங்கள் மாமியாரை வேலை செய்கிற இடம் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போய், வேறு காட்ட எதுவும் இல்லாததால், மூட்டை நிறுக்கும் தராசில் இருவரும் ஏறி நின்றோம். நான் அறுபத்தாறு, அவள் ஐம்பது. கூட்டினால் நூற்றுப்பதினாறு. இப்போது நான் ஐம்பது. அவள் எந்த மெஷினிலும் ஏற மாட்டாள், ஏறினாலும் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் ஏறுவாள், ஆனால் என் கண்மதிப்பில் அறுபத்தாறு. கூட்டிப் பாருங்கள், அதே நூற்றுப்பதினாறு. நாற்பத்தாறு வருஷத்தில் இந்த வீட்டிலிருந்து ஒரு கிலோ வெளியே போகவில்லை, சரக்கு ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதை என் மகளிடம் சொன்னேன், “அப்பா, நீங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு லாரி இல்ல” என்றாள்.

இளைத்தவன் படுகிற பாடு வேறு யாருக்கும் வரக்கூடாது. தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். “என்ன சார், உடம்புக்கு என்ன?” என்று தொடங்கி, யார் யார் எப்படி இளைத்தார்கள், எத்தனை மாதத்தில் போய்ச் சேர்ந்தார்கள் என்று நான் கேட்காமலேயே சொல்லி, “உங்களுக்கு அப்படி எல்லாம் இருக்காது” என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். முடி வெட்டுகிறவர், “கன்னம் உள்ள போயிடுச்சு சார், ரேசர் பள்ளத்துல எறங்கி ஏறுது” என்கிறார். பக்கத்திலேயே உங்கள் மாமியார் நிற்பாள். அவளைப் பார்த்து எல்லாரும் ஒரே வார்த்தை, “நீங்க நல்லா இருக்கீங்கம்மா.” சதை போட்டால் நல்லா இருக்கிறார்கள், இளைத்தால் போகப்போகிறார்கள், இதுதான் தெருவின் வைத்தியம். என் பேண்ட்டைப் பிடிக்கவும் அவள் ரவிக்கையைப் பிரித்து விடவும் ஒரே நாளில் கொண்டுபோனோம். தையல்காரர் இரண்டையும் மேஜைமேல் விரித்துப் பார்த்துவிட்டு, “சார்கிட்ட புடிக்கிற துணிய அப்படியே அம்மாவுக்கு வச்சுத் தெச்சிடலாம், கலர்தான் ஒத்துவரல” என்றார். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஏன் இளைக்கிறேன் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது, படம் பிடித்துப் பார்த்தாகிவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது, சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், பல். என் பல் செட் எட்டு வருஷத்துக்கு முந்தைய முகத்துக்கு அளவெடுத்தது. முகம் சுருங்கிவிட்டது, பல் செட் சுருங்கவில்லை. பேசினால் பல் ஒரு வார்த்தை பின்தங்கி வருகிறது. மென்றால் ஆடுகிறது, ஆடினால் ஈறு புண்ணாகிறது, புண்ணானால் சாப்பாடு பாதியில் நிற்கிறது, சாப்பாடு நின்றால் உடம்பு இளைக்கிறது, உடம்பு இளைத்தால் ஈறு இன்னும் சுருங்குகிறது, பல் இன்னும் ஆடுகிறது. இதை உங்கள் மாமியாரிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் என் மகளுக்குப் போய்விடும், அவள் அங்கே ஒரு பல் டாக்டரைப் பிடித்துவிடுவாள், அதைச் சாக்காக வைத்து எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்பதால், பசியில்லை, பசியில்லை என்றே ஒன்றரை வருஷம் ஓட்டிவிட்டேன்.

பாதியில் நின்ற சாப்பாடு எங்கே போகும்? சாப்பாட்டைக் கொட்டுவது மட்டும் உங்கள் மாமியாரால் ஆகாத காரியம். “எனக்கு மட்டும் பசிக்குதா என்ன, வீணாப் போகுதேன்னு சாப்பிடறேன்” என்று சொல்லிக்கொண்டே என் தட்டை எடுத்துக்கொள்வாள். என் மகள் எனக்கென்று அனுப்பின சத்து மாவு டப்பா ஒன்று இருக்கிறது, சாக்லேட் வாசனை, சுண்ணாம்பு ருசி. இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்தால் மீதியை அவள் குடித்துவிடுவாள். தினம் எனக்கு அவித்த முட்டை இரண்டு, அதில் ஒன்று அவளுக்குத்தான் போகிறது. இத்தனைக்கும் அவளுக்கு முழங்கால் வலி, போன மாதம்தான் டாக்டர் அவளை எடை பார்த்துவிட்டு, “அஞ்சு கிலோ குறைங்கம்மா, முட்டி தானா சரியாகும்” என்று சொல்லி அனுப்பினார். சத்தெல்லாம் எனக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது, உடம்பில் ஏறியது அவளுக்கு. கடைத்தெருவுக்குப் போனால் இப்போதெல்லாம் நான்கு கடைக்கு ஒரு கடையில் நின்றுவிடுகிறாள், வாங்காத பிளாஸ்டிக் வாளியை எல்லாம் ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சாப்பிட்டுச் சாப்பிட்டுச் சோம்பல் வந்துவிட்டது என்று நான் கேலி செய்வதும், அவள் முறைப்பதுமாகப் பொழுது போகிறது.

இந்த நிலைமையில்தான் என் மகள் அந்தக் கண்ணாடிப் பலகையைக் கொண்டுவந்து குளியலறை வாசலில் வைத்தாள். நான் பார்த்த எடைமேடையெல்லாம் எடையைச் சொல்லும், சீட்டை நான் கிழித்துக் கொடுத்தால்தான் வெளியே போகும். இது என்னைக் கேட்காமலேயே எண்ணை அவள் போனுக்கு அனுப்பிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஏறவேண்டும். ஐம்பதுக்கு மேல் இருந்தால் இந்த வீட்டில் இருக்கலாம். ஐம்பதுக்குக் கீழே போனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். “கோடு போட்டாச்சுப்பா, இனி பேச்சே இல்ல” என்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கோடு போட்டால் ஸ்கேல் வைத்துத்தான் போடுவாள்.

மாப்பிள்ளை, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. போன வருஷம் இரண்டு மாதம் இருந்தோமே, உட்கார்ந்த இடத்துக்குக் காபி வந்தது. ஆனால் அந்த ஆறாவது மாடியில் என் துண்டை எங்கே காயப்போட்டாலும் அது வேறு ஒருவர் துண்டு போடுகிற இடமாக இருந்தது. பேத்தி தன் அறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டுச் சோபாவில் படுத்துப் பாடம் படித்தாள். கீழே இறங்கினால் என்னை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. இங்கே “உடம்புக்கு என்ன” என்று கேட்டே உயிரை வாங்குகிறார்கள் என்று எழுதினேன், அங்கே கேட்க ஆளில்லை என்றதும் அதுவும் கஷ்டமாகத்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, நானும் உங்கள் மாமியாரும் அங்கே இரண்டு மாதம் கண்ணாலேயே சண்டை போட்டோம். அது எங்களுக்குப் போதவில்லை. இந்த வீட்டில் நாங்கள் கத்திக்கொள்ளலாம், கத்தி முடித்ததும் நான் முன்னறையிலும் அவள் பின்கட்டிலுமாக உட்கார்ந்துகொள்ளலாம், ஒரு மணி நேரம் கழித்து யாராவது ஒருவர் டீ போடலாம். இந்த வயதில் எங்களுக்கு இதைவிடப் பெரிய வசதி ஒன்றும் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஒத்திகைக்காக எதிர்வீட்டுப் பழைய மெஷினில் ஏறிப் பார்த்தேன். நாற்பத்தொன்பதரை. திண்டாட்டம் ஆரம்பித்தது. எடையை ஏமாற்றுவது எப்படி என்று என்னைவிடத் தெரிந்தவன் யார் இருக்கிறான்? டிரைவர் காலி லாரியில் கல்லை ஒளித்துக்கொண்டு வருவான், டீசல் டாங்க்கை நிரப்பிக்கொண்டு வருவான், கிளீனரைச் சீட்டுக்கடியில் படுக்கவைத்துக்கொண்டு வருவான், எல்லாரையும் இறக்கிவிட்டுத்தான் சீட்டு எழுதுவேன். அப்படிப்பட்டவன் மறுநாள் காலை ஏழே முக்கால் மணிக்கு இரண்டு பாக்கெட்டிலும் வாசல் பூட்டையும் ஒரு சுத்தியலையும் போட்டுக்கொண்டு மெஷினில் ஏறினேன். எடை கூடியதோ இல்லையோ, பேண்ட் இறங்கிவிட்டது. சுத்தியல் கால்விரலில் விழுந்தது. சத்தம் கேட்டு வந்த உங்கள் மாமியார் கீழே கிடந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “சொல்லியிருந்தா நானே ஒரு கால வச்சிருப்பேனே” என்றாள்.

அப்படித்தான் அந்த மூன்றாவது கால் வந்தது. நான் மெஷினில் இரண்டு காலையும் வைத்து நிமிர்ந்து நிற்பேன், அவள் எனக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று தன் வலது கால் கட்டைவிரலை மட்டும் பலகையின் ஓரத்தில் ஊன்றுவாள். நான் எண்ணைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும், நிறுத்து” என்பேன். முதல் வாரம் ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு. இரண்டாம் வாரம் ஐம்பத்தொன்று புள்ளி எட்டு. மூன்றாம் வாரம் ஐம்பத்திரண்டரை. என் மகள் போனில், “பாத்தீங்களாப்பா, முட்டை வேலை செய்யுது!” என்று சந்தோஷப்பட்டாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. முப்பத்திநாலு வருஷத்தில் ஒரு பொய்ச்சீட்டு எழுதாதவன், பெற்ற மகளுக்கு வாரம் ஒரு பொய்ச்சீட்டு அனுப்பினேன்.

நேற்று நான்காவது ஞாயிறு. ஏழரை மணிக்கு ஒரு சண்டை. தட்டில் ஒரு முட்டைதான் இருந்தது, இன்னொன்று எங்கே என்று கேட்டேன், நீங்கள் எப்படியும் வைத்துவிடுவீர்கள் என்று முதலிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். “என் முட்டையெல்லாம் உன் இடுப்புலதான் இருக்கு” என்று சொல்லிவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாவிட்டால் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று நாற்பத்தாறு வருஷத்தில் கற்றுக்கொள்ளாதவன் நான் ஒருவன்தான். எட்டு மணிக்கு வழக்கம்போல வந்து பின்னால் நின்றாள். கட்டைவிரலை வைக்கவில்லை, கோபத்தை எல்லாம் கூட்டி முழுக்காலையும் வைத்து ஒரு மிதி மிதித்தாள். அறுபத்துமூன்று புள்ளி எட்டு என்று எண் நின்றது, நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டது.

எட்டு மணி நாலு நிமிஷத்துக்குப் போன் வந்தது, முகம் தெரிகிற போன்.

“அப்பா! ஒரு வாரத்துல பதினோரு கிலோ எப்படிப்பா ஏறும்?”

“முட்டை சாப்பிட்டேம்மா.”

“பதினோரு கிலோ முட்டையா? அப்பா, விளையாடாதீங்க. வயசானவங்களுக்குத் திடீர்னு எடை ஏறினா அது சதை இல்ல, தண்ணி. இதயம் சரியா வேலை செய்யலன்னா ஒடம்புல தண்ணி நிக்கும், கால் வீங்கும், மூச்சு வாங்கும். பேண்ட்டத் தூக்குங்க. அம்மா, போனக் கிட்ட கொண்டு போ, விரலால அமுக்கிப் பாரு, பள்ளம் விழுதான்னு சொல்லு.”

உங்கள் மாமியார் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, முக்கி முனகிக் கீழே உட்கார்ந்து, என் கணுக்காலை அமுக்கினாள். “இவர் கால்ல அமுக்க என்னடி இருக்கு? எலும்புதான் இருக்கு” என்றாள்.

“சரி, எழுந்திரு. அப்பா, திரும்ப ஏறுங்க, இப்பவே. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

ஏறினேன். உதவிக்குக் கால் இல்லாமல், வேர்த்துக்கொண்டு ஏறினேன். நாற்பத்தொன்பது புள்ளி நாலு. அந்தப் பக்கம் இரண்டு எண்ணையும் வைத்துக் கழித்துப் பார்த்தாள். பிறகு கணக்கு டீச்சர் கேட்டாள்.

“அம்மா, மொத தடவ அவர் ஏறினப்ப நீ எங்க நின்ன?”

“நான் எங்க நிப்பேன்? என் வீட்டுலதான் நின்னேன்.”

“வீட்டுல எங்க?”

உங்கள் மாமியாருக்குப் பொய் சொல்லத் தெரியும், ஆனால் தொடர்ந்து சொல்லத் தெரியாது. எல்லாம் வெளியே வந்துவிட்டது. என் மகள் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. “ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு என்னை ஏமாத்தினீங்களா? நான் என்ன உங்களுக்கு விரோதியா?” என்று கேட்டுவிட்டு அழுதாள். நாற்பத்திரண்டு வயதுப் பெண், எண்ணெய் வைத்த தலையோடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து அழுதாள். என்னால் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை வருகிறோம், பெட்டியைக் கட்டிவையுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

களைப்பாக இருக்கிறது மாப்பிள்ளை. இளைத்ததில் வந்த களைப்பு பாதிதான், தினம் அதைப் பற்றியே பேசிப் பேசி வந்தது மீதி. எழுபத்திரண்டு வயதில் ஒரு மனிதன் எத்தனை கிலோ என்பதைத் தவிர அவனிடம் கேட்க வேறு கேள்வியே இல்லாமல் போய்விடுகிறது. என்ன படித்தாய், என்ன கனவு கண்டாய், மழை வரும் போலிருக்கிறதே என்று கூட ஒருவரும் ஆரம்பிப்பதில்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். எனக்கு மூன்று மாதம் அவகாசம் வாங்கிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை பல் டாக்டரிடம் போகப் பேர் கொடுத்துவிட்டேன், உண்மையாகவே கொடுத்துவிட்டேன், வேண்டுமானால் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். புதுப் பல் வந்ததும் இரண்டு முட்டையையும் நானே சாப்பிடுவேன். அதுவரை குழைத்துச் சாப்பிடுகிறேன், மாவைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறேன். உங்கள் மாமியாரைப் பற்றி ஒரு கவலையும் வேண்டாம், ஆள் கல் மாதிரி இருக்கிறாள், தெருவே சொல்கிறது. இந்த வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் நான் ஒருவன்தான், என்னைப் பார்த்துக்கொள்ள அவள் இருக்கிறாள். சனிக்கிழமை தயவுசெய்து வரவேண்டாம். வந்தே ஆகவேண்டும் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி வாருங்கள், காரின் டிக்கியைக் காலியாக வைத்துக்கொண்டு வராதீர்கள்.

பேத்திக்கு எல்லாப் பாடத்திலும் நல்ல புத்தி வரட்டும், கணக்கில் மட்டும் அம்மா அளவுக்கு வேண்டாம். என் மகளின் கோபம் ஆறட்டும். உங்கள் முதுகு நிமிரட்டும், உங்கள் பஸ்களெல்லாம் நேரத்துக்கு ஓடட்டும், உங்களுக்கு நீண்ட ஆயுளும் வீட்டில் பேசுவதற்கு அவ்வப்போது ஒரு வாய்ப்பும் கிடைக்கட்டும் என்று இருவரும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமா
(நிகர எடை நாற்பத்தொன்பது புள்ளி நாலு, பல் செட் நீங்கலாக)

பின்குறிப்பு. செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி.

மேலே எழுதியிருப்பது எதையும் செய்யவேண்டாம்.

நேற்று மாலை இதை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது உங்கள் மாமியார் எதிர் நாற்காலியில் காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முட்டைச் சண்டை ஆறியிருந்தது. “உங்க காலத்தான் எல்லாரும் அமுக்கிப் பாக்கறாங்க. எனக்கு அமுக்க ஒரு ஆளில்ல” என்று கேலி செய்தாள். நானும் கேலியாகத்தான் பேனாவை வைத்துவிட்டுப் போய், அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கினேன். கையை எடுத்தேன். பள்ளம் போகவில்லை. இரண்டு பேரும் முதலில் சிரித்தோம். பிறகு அது நிரம்பும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம், மாவில் விரல் வைத்த மாதிரி அப்படியே இருந்தது.

மெஷினில் ஏறு என்றேன். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லவில்லை, மாப்பிள்ளை. ஏறினாள். எழுபத்தொன்று. நேற்று மாலை ஐந்தே காலுக்கு என் மகள் போனில் எழுபத்தொன்று என்று வந்திருக்கும், மறுபடி விளையாடுகிறோம் என்று நினைத்திருப்பாள், அதனால்தான் கூப்பிடவில்லை போலிருக்கிறது. அது நான் இல்லை, அவள் அம்மா.

உடனே ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் போன மாதச் சீட்டை எடுத்துப் பார்த்தார், அறுபத்தாறு என்று இருந்தது. என் கண்மதிப்பு போன மாதம் சரியாகத்தான் இருந்திருக்கிறது, அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. என் மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டதால்தான் ஏறியது, டாக்டர், என்று சொன்னேன். “சாப்பிட்டு யாரும் ஒரு மாசத்துல அஞ்சு கிலோ இப்படி ஏற மாட்டாங்க சார். இது தண்ணி. இதயம் களைச்சுப் போயிருக்கு” என்றார். நடந்தால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, “ஆமா, கடைத்தெருவுல நின்னு நின்னுதான் போறேன்” என்றாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்றார். மூன்று தலையணை வைத்துக்கொள்கிறேன் என்றாள். மூன்றாவது என் தலையணை, அது இல்லாமலேயே நான் படுத்துப் பழகிவிட்டேன், ஏன் எடுத்துக்கொள்கிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவள் மூச்சு வாங்கியதற்கெல்லாம் நான் சோம்பல் என்று பேர் வைத்துச் சிரித்திருக்கிறேன். முப்பத்திநாலு வருஷம் எடை பார்த்தவன் என்று இனி யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

மாத்திரை கொடுத்திருக்கிறார். இரவெல்லாம் பாத்ரூமுக்கு நடந்தாள், காலையில் ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது, “பாத்தீங்களா, ஒரே நாள்ல” என்று என்னிடம் பெருமையடித்துக்கொள்கிறாள். பார்த்துக்கொண்டால் நன்றாக இருப்பாள் என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, வியாழக்கிழமைக்குள் காட்டவேண்டும், இனி பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். என் மகளிடம் போனில் சொல்லலாம் என்றால் உங்கள் மாமியார், “வேண்டாங்க, வகுப்புல நின்னுக்கிட்டு அழுவா, மாப்பிள்ளை நேர்ல சொல்லட்டும்” என்கிறாள். எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. பயமாக இருக்கிறது.

சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், மாப்பிள்ளை. பெட்டியைக் கட்டிவிட்டோம். நாளைக்கே வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.